அப்பா கையில் இருக்கும் குழந்தை

என் மனைவியைப் பிறந்த வீட்டில் வலது என்றுதான் கூப்பிடுவார்கள். அவளோடு ஒரே பிரசவத்தில், அவளுக்குச் சற்றுப் பின்னால் வந்து சேர்ந்த தங்கைக்கு இடது என்று பெயர். பள்ளிக்கூடத்துக்காக வேறு நல்ல பெயர்களும் வைத்திருந்தார்கள். அவற்றை வாத்தியார்கள் மட்டும் உபயோகித்தார்கள். இவளுக்கு வலது கன்னத்தில் ஒரு மச்சம். அவளுக்கு அதே அளவில், அதே உயரத்தில், இடது கன்னத்தில் ஒரு மச்சம். மற்றபடி இருவரும் அச்சு அசல் ஒன்று. ஒருத்தியைக் கண்ணாடி முன்னால் நிறுத்தினால் உள்ளே மற்றவள் நிற்பாள்.

இந்தப் பெயர்களை வைத்தவர் என் மாமனார். அவர் ஒரு தொழிற்சாலையில் இயந்திரங்களுக்கு வரைபடம் போடும் வேலையில் இருந்தார். இடப்பக்கக் குழாய், வலப்பக்கக் குழாய் என்று நாள் முழுக்க எழுதிப் பழகிய கை. வீட்டுக்கு வந்து பார்த்தார், இரண்டு குழந்தைகள் ஒரே மாதிரி கிடந்தன. எழுதிவிட்டார். அதற்கு மேல் அவர்களைப் பற்றி அவர் அதிகம் பேசியதாக யாருக்கும் ஞாபகம் இல்லை.

வலது வளர்ந்து ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கும் வேலைக்குப் போனாள். பெயர்ப் பொருத்தம் என்று நான் நினைத்துக்கொள்வேன். அந்தக் காலத்து எக்ஸ்ரே பிலிமில் இரண்டு பக்கமும் மருந்து பூசியிருக்கும். எந்தப் பக்கத்திலிருந்து பார்த்தாலும் ஒன்றுபோலவே தெரியும். அதனால் படம் எடுக்கும்போதே, இது இந்தப் பக்கத்துக் கால் என்று காட்ட, ஈயத்தில் செய்த சின்ன எழுத்து ஒன்றை ஓரத்தில் வைத்துவிட வேண்டும். மறந்தால் டாக்டர் நல்ல காலுக்கு மாவுக்கட்டுப் போட்டுவிட்டு உடைந்த காலை நடந்து வீட்டுக்குப் போகச் சொல்வார். வேலையில் இருந்தவரை ஒரு படத்தில்கூட அந்த எழுத்தை அவள் மாற்றி வைத்ததில்லை. இதை நான் சொல்லவில்லை, அவளே சொல்வாள். சாப்பிடும்போது சொல்வாள், விருந்தாளி வந்தால் சொல்வாள், சண்டைக்கு நடுவில் கட்டாயம் சொல்வாள்.

நான் லிப்ட் மெக்கானிக். எனக்கு மேலே, கீழே தவிர வேறு திசை தெரியாது. எங்கள் குடும்பம் இத்தனை வருஷம் ஓடியதற்கு இதுவும் ஒரு காரணம். அவளுடைய திசைகளில் நான் தலையிட்டதில்லை.

அவளைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். அவளுக்குப் பொய் வராது. பக்கத்து வீட்டில் பிறந்த குழந்தையைப் பார்த்து எல்லோரும் ராஜா மாதிரி இருக்கிறான் என்று கொஞ்சிக்கொண்டிருந்தபோது, "மண்டை கொஞ்சம் ஒரு பக்கமா இருக்கு, போகப் போகச் சரியாயிடும்" என்றாள். நான் உடம்பு சரியில்லை என்று லீவு போட்ட அன்று என் மேலதிகாரி போன் செய்து விசாரித்தார். "நல்லாத்தானே இருக்கார். மாடியில மீன் தொட்டி கழுவிட்டிருக்கார். கூப்பிடவா?" என்று கேட்டாள். நான் மீன் தொட்டியோடு கீழே இறங்கி வந்தேன். இதைப் பெரிய குணம் என்று வெளியிலிருப்பவர்கள் சொல்வார்கள். உள்ளே இருந்து பார்த்தவனுக்குத்தான் தெரியும்.

வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் அவளுக்குக் கை துறுதுறுத்தது. மாமியார் காலமாகி, அந்த வீட்டை ஒழித்தபோது ஒரு தகரப் பெட்டி கிடைத்தது. உள்ளே முழுக்க மாமனார் எடுத்த ஸ்லைடுகள், நெகட்டிவ் சுருள்கள். பாத்திரம் பண்டத்தையெல்லாம் மற்றவர்கள் பங்கு போட்டுக்கொண்டார்கள். பெட்டியை இவள் தூக்கிக்கொண்டு வந்தாள். ஒரு ஸ்கேனர் வாங்கினாள். எங்கள் சாப்பாட்டு மேஜை அன்றோடு பறிபோனது.

வீட்டில் ஸ்கேன் செய்வது என்றால் ஏதோ பெட்டிக்குள் படத்தை வைத்து மூடினால் முடிந்தது என்று நான் நினைத்திருந்தேன். அப்படியில்லை. முதலில் மேஜையை ஈரத்துணியால் துடைக்க வேண்டும். பிறகு வெள்ளைப் பருத்திக் கையுறை. பிறகு ரப்பர் குமிழை அமுக்கி ஸ்லைடின் மேல் உள்ள தூசியை ஊதித் தள்ள வேண்டும். வாயால் ஊதினால் எச்சில் தெறிக்கும் என்று என்னைக் கிட்டவே விடவில்லை. தூசி பறக்கும் என்பதால் மின்விசிறி போடக்கூடாது. தும்மல் வந்தால் வாசலுக்குப் போய்விட வேண்டும். ஓய்வு பெற்ற இரண்டு பேர், ஜன்னலைச் சாத்திக்கொண்டு, வியர்த்துக்கொண்டு, சத்தம் போடாமல் உட்கார்ந்திருந்தோம். யாராவது திடீரென்று உள்ளே வந்திருந்தால் கள்ளநோட்டு அடிக்கிறோம் என்று நினைத்திருப்பார்கள்.

வந்த படங்களோ எல்லாம் கொதிகலன். மாமனாருக்குத் தொழிற்சாலையில் கேமரா கொடுத்திருந்தது இயந்திரங்களைப் படம் எடுப்பதற்காக. ரோலின் கடைசியில் ஒன்றோ இரண்டோ மிச்சம் இருந்தால் அதை வீட்டில் எடுத்துத் தீர்ப்பார். ஆகவே கொதிகலன், கொதிகலன், அதன் வால்வு, அந்த வால்வின் கிட்டப் பார்வை, அஸ்திவாரக் குழி, குழிக்குள் ஒரு கொத்தனார், கடைசியில் திடீரென்று என் மாமியார், கண்ணை மூடிக்கொண்டு. கொத்தனார் எவ்வளவோ தெளிவாக விழுந்திருந்தார்.

"குடும்பப் படத்தை மட்டும் முதல்ல எடுத்துப் போடேன்" என்றேன்.

"வரிசைப்படிதான் வரும்."

"கொதிகலனை யார் பாக்கப் போறா?"

"அப்பா பாத்தார் இல்ல?" என்றாள். நான் கொதிகலன் பார்த்தேன்.

இந்தச் சமயத்தில்தான் இடது போன் செய்தாள். என் கொழுந்தியாள் சாதாரணமாக இவளை "ஏய் வலது" என்றுதான் கூப்பிடுவாள். காரியம் ஆக வேண்டுமென்றால் மட்டும் அக்கா.

"அக்கா, அந்தப் படம் வந்துச்சா?"

எந்தப் படம் என்று இவள் கேட்கவில்லை. அந்த வீட்டில் அந்தப் படம் என்றால் ஒரே படம்தான். அதைச் சொல்லிவிடுகிறேன்.

தொழிற்சாலையில் ஒரு புரொஜக்டர் இருந்தது. அதை மாமனார் எப்போதாவது வீட்டுக்குக் கொண்டுவருவார். படுக்கையில் விரிக்கும் வெள்ளைப் போர்வையைச் சுவரில் கட்டி, விளக்கை அணைத்துப் படம் காட்டுவார். ஸ்லைடு என்பது ஒரு சின்னச் சட்டத்துக்குள் அடைத்த துண்டுப் பிலிம், அவ்வளவுதான். அதை எந்தப் பக்கமாகச் செருகினாலும் புரொஜக்டர் மறுக்காது. கொதிகலனை மாற்றிச் செருகினால் அதன் மேல் எழுதியிருப்பது கண்ணாடியில் பார்க்கிற எழுத்தாகத் தெரியும். மாமனார் உடனே நாக்கைக் கடித்துக்கொண்டு திருப்பிச் செருகுவார். ஆனால் குடும்பப் படத்தில் எழுத்து ஏது? கைக்கு வந்தபடி செருகுவார்.

அந்தப் படத்தில் மாமனார் வீட்டு வாசலில் நிற்கிறார். கையில் ஒரு பெண் குழந்தை. கேமராவைத் திரும்ப வாங்கிப் போக வந்த சக ஊழியர் யாரோ எடுத்தது. குழந்தை ஒன்றுதான். மற்றது உள்ளே தூங்கிக்கொண்டிருந்திருக்கலாம். என் மாமனார் குழந்தைகளைத் தூக்குகிற மனிதர் இல்லை. மடியில் வைத்தார், முதுகில் ஏற்றினார் என்றெல்லாம் யாரும் சொல்லிக் கேட்டதில்லை. அவர் தன் பெண்களில் ஒருத்தியைத் தூக்கினார் என்பதற்கு உலகத்தில் இருந்த ஒரே சாட்சி அந்த ஸ்லைடு.

சாட்சியோ ஆளுக்குத் தகுந்தபடி பேசியது. ஒரு நாள் போர்வையில் குழந்தையின் வலது கன்னத்தில் மச்சம் தெரியும். வலது குதிப்பாள். அடுத்த தடவை புரொஜக்டர் வரும்போது மச்சம் இடது கன்னத்துக்குப் போயிருக்கும். இடது குதிப்பாள். இரண்டு பேரும் தங்கள் கண்ணால் பார்த்தார்கள். இரண்டு பேரும் சொன்னது உண்மை. சண்டை முற்றிப்போய் அம்மாவைக் கேட்டால், "ரெண்டும் ஒரே மாதிரி கத்துச்சுங்க, எனக்கு எது நெனப்பிருக்கு?" என்பாள். அப்பாவைக் கேட்கத் தைரியம் வந்தது ஒரே ஒரு தடவை. "ரெண்டு பேர்ல ஒருத்தி" என்றார். அவர் தெரியாத விஷயத்தைச் சொல்கிற ஆள் இல்லை.

சின்ன வயதுச் சண்டை சின்ன வயதோடு போயிருக்கும். இடது விஷயத்தில் போகவில்லை. அவள் பள்ளிக்கூடம் முடித்ததும் மேலே படிக்க மாட்டேன் என்று சொல்லி ஒரு தையல் கடையில் வேலைக்குச் சேர்ந்தாள். மாமனாருக்கு அது பிடிக்கவில்லை. திட்டவில்லை, அடிக்கவில்லை. அன்றிலிருந்து அவளை "நீங்க" என்று கூப்பிட ஆரம்பித்தார். பெற்ற மகளை. அவள் சொந்தமாகக் கடை வைத்த பிறகும், கல்யாணமாகி அப்பாவைப் பார்க்க வந்தபோதும், "வாங்க. உட்காருங்க. வீட்ல எல்லாரும் சௌக்கியமா?" என்பார். கேட்கிறவர்களுக்கு ஏதோ மரியாதை மாதிரி இருக்கும். நான் பக்கத்தில் உட்கார்ந்து அதைக் கேட்டிருக்கிறேன். எனக்கே அந்த இடத்தை விட்டு எழுந்து போகலாம் போல இருக்கும். அவர் கடைசியாக ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோதும், தண்ணீர் கொடுக்கப் போனவளிடம் "உங்களுக்கு எதுக்குச் சிரமம்" என்றார். அப்படியே போய்ச் சேர்ந்தார்.

அதனால்தான் போனில் அந்தக் கேள்வி.

"வரிசைப்படிதான் வரும்" என்றாள் இவள்.

"வரட்டும். வந்தா யாருன்னு பாத்துச் சொல்லு. நீ சொன்னா நான் ஒத்துக்கறேன். நீதான் மாத்திச் சொல்ல மாட்டியே." பிறகு போனை என்னிடம் கொடுக்கச் சொன்னாள். "மாமா, சிரிக்காதீங்க. அந்த மனுஷன் ஒரு தடவையாவது என்னைத் தூக்கியிருக்காரான்னு தெரிஞ்சா போதும். எனக்கு வேற எதுவும் வேண்டாம் அந்த வீட்லேருந்து. இல்லைன்னாலும் சொல்லிடுங்க, பரவாயில்லை."

பரவாயில்லை என்று அவள் சொன்ன விதத்தில் எனக்குச் சிரிப்பெல்லாம் வரவில்லை.

அந்த ஸ்லைடு ஒரு மத்தியானம் வந்தது. ஒரு குளிர்விப்புக் கோபுரத்துக்கும் ஒரு பல்சக்கரத்துக்கும் நடுவில் இருந்தது. மேஜை விளக்கின் கீழ் அதைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தாள். அவள் எனக்கு விளக்கியபடி, ஸ்லைடு பிலிமில் மருந்து ஒரு பக்கம்தான். அந்தப் பக்கம் மங்கல், மறுபக்கம் பளபளப்பு. பளபளப்பான பக்கத்திலிருந்து பார்த்தால்தான் எல்லாம் உள்ளது உள்ளபடி இருக்கும். ஆனால் இந்தப் படத்தில் பூஞ்சை பிடித்து இரண்டு பக்கமும் மங்கியிருந்தன. கண்ணை நம்பித் தீர்ப்புச் சொல்ல அவள் தயாரில்லை. பேனாக்கத்தி எடுத்து, சட்டத்தின் விளிம்பை நெம்பி, பிலிமை வெளியே எடுத்தாள். கேமரா பிலிமை இழுக்கும் துளைகளுக்குப் பக்கத்தில், சட்டத்துக்குள் மறைந்திருந்த ஓரத்தில், கம்பெனிக்காரன் அச்சடித்த எண்கள் இருந்தன. அந்த எண்கள் நேராகத் தெரிகிற பக்கம்தான் சரியான பக்கம். அதில் சந்தேகத்துக்கு இடமே இல்லை.

நீண்ட நேரம் பார்த்தாள்.

"நான்தான்" என்றாள்.

ஸ்கேன் செய்து திரையில் பெரிதாக்கினாள். மாமனார் நிற்கிறார். அவ்வளவு இளமையாக அவரை நான் பார்த்ததே இல்லை. குழந்தையை நெஞ்சோடு சேர்த்து, இரண்டு கையாலும், கனமான இயந்திர பாகத்தைப் பிடிப்பது மாதிரி பிடித்திருக்கிறார். குழந்தை வாயைத் திறந்து அழுகிறது. வலது கன்னத்தில் மச்சம். என் மனைவி கையுறையைக் கழற்றிவிட்டு, திரையில் அவர் முகத்தைத் தொட்டாள். ஆஸ்பத்திரியில் அவர் நெஞ்சை எத்தனையோ தடவை எக்ஸ்ரே எடுத்தவள் அவள். விலா எலும்பு வரைக்கும் தெரியும். அந்த நெஞ்சில் சாய்ந்த ஞாபகம் மட்டும் இல்லை.

அவ்வளவு சந்தோஷத்தை அவள் முகத்தில் எங்கள் கல்யாணத்தன்றுகூட நான் பார்க்கவில்லை. இதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம் உண்டு. சொல்லிவிட்டேன்.

அந்தச் சந்தோஷம் சாயங்காலம் வரைக்கும் தாங்கியது. டீ போட்டுக் கொண்டுவந்தாள். அதில் பால் இருந்தது, சர்க்கரை இருந்தது, டீத்தூள் இல்லை. குடித்தேன். அவளும் குடித்தாள். வித்தியாசம் அவளுக்குத் தெரிந்ததாகத் தெரியவில்லை.

"போன் பண்ணிச் சொல்லிடு" என்றேன். "இல்லைன்னாலும் பரவாயில்லைன்னுதானே சொன்னா."

"பரவாயில்லைன்னு சொல்றவங்களுக்குத்தான் பரவாயிருக்கும்."

"அதுக்காக? உள்ளதைச் சொல்லித்தானே ஆகணும். நீ எப்ப உள்ளதைச் சொல்லாம இருந்திருக்க? என் மேனேஜர்கிட்ட..."

"அந்த மீன் தொட்டிக் கதையை இப்ப எடுக்காதீங்க." கோப்பையைக் கீழே வைத்தாள். "அப்பா என்னை வா போன்னுதான் கூப்பிட்டார். நான் வேலைக்குச் சேந்த அன்னைக்கு ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் வந்து விட்டுட்டுப் போனார். எனக்கு அதெல்லாம் இருக்கு. அவளுக்கு என்ன இருக்கு சொல்லுங்க."

நான் இரண்டு கோப்பைகளையும் எடுத்துப்போய்க் கழுவி வைத்தேன்.

கம்ப்யூட்டரில் படத்தை இடம் வலமாகப் புரட்ட ஒரு பட்டன் இருக்கிறது. மாமனார் சட்டத்தில் தப்பாக அடைத்த கொதிகலன்களை அவள் அதை வைத்துத்தான் சரியாக்கியிருந்தாள். சரியாக இருந்த ஒன்றைத் தப்பாக்க அதைத் தொட்டது அன்றுதான். தொடுவதற்கு முன்னால் எழுந்துபோய் முகம் கழுவிக்கொண்டு வந்தாள். துடைத்துக்கொண்டாள். உட்கார்ந்தாள். மறுபடியும் எழுந்து போய்த் தண்ணீர் குடித்தாள். அழுத்தினாள். மச்சம் அந்தக் கன்னத்திலிருந்து இந்தக் கன்னத்துக்குப் போய்விட்டது.

"புரட்டிட்டேன்" என்றாள் என்னிடம். "நீங்க வாயைத் தெறக்கக் கூடாது."

"எனக்கு எது எந்தப் பக்கம்னே தெரியாதே."

"அது போதும்."

போட்டோ கடையில் கொடுத்துப் பெரிதாகப் பிரிண்ட் போட்டு வாங்கி வந்தோம். ஞாயிற்றுக்கிழமை வரச் சொல்லித் தங்கைக்குத் தகவல் போனது. அதுவரைக்கும் என் மனைவி வீட்டில் ஏதோ திருடிக்கொண்டு வந்து ஒளித்து வைத்தவள் மாதிரி நடமாடினாள். காலிங் பெல் அடித்தால் தூக்கிவாரிப் போடும். பேப்பர்க்காரனிடம்கூட இரண்டு நாள் அவள் சரியாக முகம் கொடுத்துப் பேசவில்லை.

இடது வந்தாள். கடையிலிருந்து நேராக வந்ததால் கழுத்தில் அளவு நாடா தொங்கியது. அதைக் கழற்ற மறந்துதான் எங்கும் போவாள். செருப்பைக்கூட ஒழுங்காகக் கழற்றாமல், "எங்க?" என்றாள்.

இவள் படத்தைக் கொடுத்தாள். அவள் ஜன்னல் பக்கம் போய் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். நாங்கள் இரண்டு பேரும் அவள் முதுகைப் பார்த்துக்கொண்டு நின்றோம். முதுகு குலுங்கியது. வயதான பெண்மணி, பேரன் எடுத்தவள், தேம்பித் தேம்பி அழுதாள். அழுது முடித்து மூக்கைத் துடைத்துக்கொண்டு திரும்பினாள். அவள் முகத்தில் இருந்ததை நான் ஏற்கனவே ஒரு தடவை பார்த்திருந்தேன், அந்த மத்தியானம், மற்ற முகத்தில்.

"நான்தானா?"

"நீதான்" என்றாள் இவள்.

"நல்லாப் பாத்தியா?"

"பிலிம் ஓரத்துல நம்பர் இருக்கும். சட்டத்தைப் பிரிச்சு அதையும் பாத்துட்டேன்." இதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. இதற்காகத்தான் இரண்டு நாளாக அவள் தனக்குள் முணுமுணுத்துக்கொண்டிருந்தாள் போலும்.

இடது நாற்காலியில் உட்கார்ந்து படத்தை மடியில் வைத்துக்கொண்டாள். அப்பாவின் தலையைத் தடவினாள், தோளைத் தடவினாள். "சட்டை எவ்வளவு வெள்ளை பாரேன்" என்றாள். விரல் காலரிலிருந்து கீழே இறங்கியது. குழந்தையின் கால் மறைக்கிற இடம் வரைக்கும் பட்டன் வரிசையோடு வந்தது. அங்கே நின்றது. மறுபடியும் மேலே போனது. மறுபடியும் கீழே வந்தது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டாள்.

"இந்தச் சட்டையை யாரு தெச்சது?"

"எனக்கென்ன தெரியும்? ஏதோ கடையில."

"ஆம்பளைச் சட்டையில இடது பக்கத்துப் பட்டன் பட்டி மேல வரணும். இதுல வலது பக்கம் மேல வந்திருக்கு. இது பொம்பளைச் சட்டை."

நான் கூரையைப் பார்த்தேன். கூரையில் பார்ப்பதற்கு ஒன்றும் இல்லை. இருந்தாலும் பார்த்தேன். ஊரில் இருக்கும் மனிதர்களை எலும்பாகவே பார்த்துப் பழகிய என் மனைவி, அவர்கள் சட்டை போட்டிருப்பார்கள் என்பதைக் கணக்கிலேயே எடுக்கவில்லை.

"அவசரத்துல உள் பக்கம் வெளிய வர்ற மாதிரி போட்டிருப்பார்" என்றாள்.

"அப்படிப் போட்டா தையல் பிசிறு வெளிய தெரியும். தெரியலையே."

"அந்தக் காலத்துல அப்படித்தான் தெச்சிருப்பாங்க."

"எந்தக் காலத்துல?"

"அம்மாவோட சட்டையா இருக்கும்."

"அம்மா எப்ப சட்டை போட்டா?"

புதிதாகப் பொய் சொல்கிறவர்களுக்கு ஒன்றோடு நிறுத்தத் தெரியாது. அவள் அடுத்ததற்கு வாயைத் திறந்தாள். அதற்குள் இடதுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அம்மா சட்டை போட்டுக்கொண்டு நிற்பதை நினைத்தாளோ என்னவோ, படத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு சிரித்தாள். கொஞ்ச நேரத்தில் இவளுக்கும் தாங்கவில்லை. ஒரே முகத்தில் இரண்டு பேர் ஒரே மாதிரி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பதைப் பார்ப்பது ஒரு மாதிரியாகத்தான் இருந்தது. நானும் சிரித்தேன்.

"பொரட்டிட்டே" என்றாள் இடது, கண்ணைத் துடைத்துக்கொண்டு.

இவள் மேஜையில் இல்லாத தூசியைத் துடைக்க ஆரம்பித்தாள்.

"காட்டு. சரியானதைக் காட்டு."

இவள் கம்ப்யூட்டரைப் போட்டுக் காட்டினாள். இடது குனிந்து, மூக்கு திரையில் படுகிற மாதிரி பார்த்தாள். முதலில் பட்டியைப் பார்த்தாள். பிறகு மச்சத்தைப் பார்த்தாள். சரி என்று தலையை ஆட்டினாள். உள்ளுக்குள் ஏதோ ஒன்று இறங்கிப்போனது வெளியில் தெரிந்தது. அதை நான் பார்த்திருக்க வேண்டாம்.

"நீதான்" என்றாள். "அழறே."

"ஆமா."

"கை எங்க வெக்கறதுன்னே தெரியலை இந்த மனுஷனுக்கு. ஏதோ பார்சல் வந்த மாதிரி நிக்கிறார்."

"ஆமா."

"எனக்கு வாங்க போங்கன்னு ஒரு வழி கண்டுபுடிச்சார். உன்னைத் தூக்கறதுக்கு இப்படி ஒரு வழி. ரெண்டுமே வரலை அவருக்கு."

பிறகு என் மனைவிக்குத் தன் பழைய புத்தி திரும்பி வந்துவிட்டது. கையை நீட்டினாள். "அதைக் குடு. அது தப்பான படம். நாளைக்குச் சரியான பிரிண்ட் போட்டுத் தரேன்."

இடது படத்தை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனாள். "தர மாட்டேன்."

"தப்பான படத்தை வெளிய குடுக்கற வழக்கமே எனக்கு இல்லை. குடுடி."

"இதுதான் எனக்கு வேணும்."

"அதுல இருக்கறது நீ இல்லை. இப்பதான் பாத்தே இல்ல?"

"பாத்தேன். அவர் என்னைத் தூக்கலை. சரி, அது அவ்வளவுதான்." படத்தை இன்னும் இறுக்கிப் பிடித்தாள். "ஆனா நீ எனக்குக் குடுத்தியே, எடுத்து அப்படியே குடுத்தியே, அது இந்தப் படத்துலதான் இருக்கு. அந்தச் சரியான படத்துல அது இல்லை. அதை நீயே வெச்சுக்கோ."

இவள் நீட்டிய கையை மடக்கிக்கொண்டாள். ஆஸ்பத்திரியில் எத்தனையோ அழுகைகளுக்கு நடுவில் நின்று "மூச்சை இழுத்துப் பிடிங்க" என்று சொன்ன பெண், அன்றைக்குத் தன் மூச்சைப் பிடிக்க முடியாமல் தங்கையின் தோளில் சாய்ந்து அழுதாள். நான் போய் டீ போட்டேன். டீத்தூள் போட்டேன்.

படம் இப்போது இடதின் கடையில் இருக்கிறது. துணி வெட்டும் மேஜைக்கு மேலே, வருகிறவர்கள் கண்ணில் நேராகப் படுகிற இடத்தில் மாட்டியிருக்கிறாள். தையல்காரி கடையில் பட்டி மாறிய சட்டையோடு ஒரு படம். கடையில் வேலை செய்யும் பெண்கள் ஆளுக்கொரு தடவை சுட்டிக்காட்டிப் பார்த்துவிட்டு, முதலாளியம்மாவின் முகத்தைப் பார்த்து அந்தப் பேச்சை விட்டுவிட்டார்களாம்.

போன வாரம் என் கால்சட்டையை மடித்துத் தைக்கப் போயிருந்தோம். நான் ஒரு முக்காலியின் மேல் நின்றேன். இடது வாய் நிறையக் குண்டூசிகளைக் கவ்விக்கொண்டு, என் காலடியில் மண்டியிட்டுத் துணியை மடித்துக் குத்திக்கொண்டிருந்தாள். என் மனைவி பக்கத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். துணி கொடுக்க வந்த ஒரு பெண்மணி படத்தை நிமிர்ந்து பார்த்தாள்.

"யாருங்க இந்தக் குழந்தை? அழகா இருக்கே."

இடதுக்கு வாயைத் திறக்க முடியவில்லை. வாயில் ஊசி. தலையை மட்டும் தூக்கினாள்.

"இவதான்" என்றாள் என் மனைவி, தங்கையைக் காட்டி. காது சிவக்கவில்லை, குரல் நடுங்கவில்லை. "எங்க அப்பாவுக்கு இவள்னா உசுரு. தூக்கினா கீழ எறக்கவே மாட்டார்."

என் கணுக்காலில் ஊசி ஆழமாக இறங்கியது. நான் கத்தவில்லை. இடது வாயிலிருந்த ஊசிகளை ஒவ்வொன்றாக எடுத்து மணிக்கட்டில் கட்டியிருந்த பஞ்சுத் திண்டில் செருகினாள். கடைசி ஊசியையும் செருகிவிட்டு அந்தப் பெண்மணியைப் பார்த்தாள்.

"ஆமாங்க" என்றாள். "எறக்கவே மாட்டார்."